எந்த ஸ்டேட்ல வரி கம்மி? தமிழ்நாட்டைப் பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட ஒரு சின்னப் பாடம்

"தமிழ்நாட்டுல எல்லாத்துக்கும் வரி ஜாஸ்திப்பா." டீக்கடையிலிருந்து வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் இந்த வசனத்தைக் கேட்காதவங்க இருக்க முடியாது. இதே வசனத்தைப் பெங்களூர்க்காரர் கர்நாடகாவைப் பத்திச் சொல்வார், கொச்சிக்காரர் கேரளாவைப் பத்திச் சொல்வார். மூணு பேரும் சரியா இருக்க முடியாது. அதே சமயம் மூணு பேரும் முழுசாத் தப்பும் இல்லை. ஏன் அப்படின்னு பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

இன்னும் ஓரிரு வருஷத்தில் நம்மில் பாதிப் பேர் வேலைக்காக வேறு மாநிலம் போயிருப்போம். முதல் சம்பளம், முதல் பைக், அப்புறம் ஒரு நாள் சொந்தமா ஒரு வீடு. இந்த மூணு இடத்திலும் மாநில வரி நம்மைத் தொடும். எனவே கணக்கு தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

முதலில்: எதை ஒப்பிடவே வேண்டாம்?

வருமான வரி ஒன்றிய அரசுடையது. சென்னையில் இருந்தாலும் புனேயில் இருந்தாலும் ஒரே ஸ்லாப்தான். (சிக்கிம் மக்களுக்கு மட்டும் தனி விலக்கு உண்டு.)

ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2017 ஜூலை 1 முதல் ஒரு பொருளுக்கு நாடு முழுக்க ஒரே விகிதம். 5, 12, 18, 28 என்று இருந்த படிகள் 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலும் 5, 18 என்று சுருங்கின. சொகுசுப் பொருள், புகையிலை வகையறாவுக்கு 40 என்று ஒரு படி வந்தது. விகிதத்தை முடிவு செய்வது ஜிஎஸ்டி கவுன்சில். அங்கே ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். அதாவது எந்த ஒரு மாநிலமும் தனியாக சோப்பு மேல் வரியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

அப்போ ஒரு மாநிலத்தின் கையில் மிச்சம் என்ன? பெட்ரோல், டீசல், மது, வண்டி, மனை, தொழில் வரி, மின்சாரம். உள்ளாட்சிகள் மூலமாக வீட்டு வரி, நம்ம ஊரில் சினிமா டிக்கெட் மேல் கேளிக்கை வரி. அவ்வளவுதான். மாநிலங்களுக்கு இடையே வித்தியாசம் வருவது இந்தச் சின்னப் பட்டியலில்தான். இதில் நாலு ஐட்டத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

பெட்ரோல்: நேர்கோட்டுச் சமன்பாடு

புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் டேங்க் ஃபுல் பண்ணுவது நம்ம ஊர்ப் பழக்கம். காரணம் வாட் வரி. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வராததால் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி வாட் போடுகிறது.

கர்நாடகா 2024 ஜூன் முதல் 29.84 சதவீதம். தெலங்கானா 35.20 சதவீதம். தமிழ்நாடு எவ்வளவு? 13 சதவீதம்.

"அட, நம்ம பாதி கூட இல்லையே!" என்று நினைத்தால் அங்கேதான் ஒரு கொக்கி. தமிழ்நாட்டு வரி 13 சதவீதம் கூட்டல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இது நமக்குத் தெரிந்த நேர்கோட்டுச் சமன்பாடுதான். சதவீதம் என்பது சாய்வு. 11.52 என்பது வெட்டுத்துண்டு. கர்நாடகாவும் தெலங்கானாவும் வைத்திருப்பது ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோடு. சாய்வை மட்டும் பார்த்து இரண்டு கோடுகளை ஒப்பிட்டால் இன்டர்னல்லயே மார்க் போயிடும் இல்லையா?

வாட் போடுவதற்கு முந்தைய விலையை மூன்று விதமாக வைத்துக் கணக்கு போடுவோம். (ஒன்றிய வரியும் டீலர் கமிஷனும் இந்த விலைக்குள்ளேயே அடக்கம் என்று எளிமைக்காக எடுத்துக்கொள்கிறேன்.)

விலை 60 ரூபாய் என்றால் வாட்: தமிழ்நாடு 19.32, கர்நாடகா 17.90, தெலங்கானா 21.12.
விலை 79 ரூபாய் என்றால்: தமிழ்நாடு 21.79, கர்நாடகா 23.57, தெலங்கானா 27.81.
விலை 100 ரூபாய் என்றால்: தமிழ்நாடு 24.52, கர்நாடகா 29.84, தெலங்கானா 35.20.

நடுவில் இருக்கும் 79 ரூபாய் சும்மா எடுத்தது இல்லை. 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பிறகு சென்னையில் பெட்ரோல் 100.75, ஹைதராபாத்தில் 107.41. நம்ம கணக்கில் 100.79, 106.81 என்று வருகிறது. கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

தமிழ்நாட்டுக் கோடும் கர்நாடகக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் சுமார் 68 ரூபாய் 40 காசு. அதற்குக் கீழே நம்ம வரி அதிகம், மேலே கர்நாடக வரி அதிகம். ஆக, "எந்த மாநிலத்தில் பெட்ரோல் வரி அதிகம்?" என்ற கேள்விக்குக் கச்சா எண்ணெய் விலை தெரியாமல் பதில் சொல்லவே முடியாது!

இந்தச் சமன்பாடு எப்படி வந்தது? 2020 மே வரை தமிழ்நாட்டிலும் வெறும் 34 சதவீதம்தான். லாக்டவுனில் கச்சா எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனது. வரி வெறும் சதவீதமாக மட்டும் இருந்தால் விலை சரியும்போது வருமானமும் கூடவே சரியும். அதனால் 15 சதவீதம் கூட்டல் 13.02 ரூபாய் என்று மாற்றினார்கள். 2021 ஆகஸ்ட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது அது இப்போதைய 13 சதவீதம், 11.52 ரூபாய் ஆனது. இந்த அமைப்பில் விலை விழுந்தால் அரசுக்கு ஒரு அடிமட்ட வருமானம் நிச்சயம். விலை ஏறினால் மக்களுக்குச் சுமை மெதுவாக ஏறும். அடிப்படை விலை 10 ரூபாய் கூடினால் இங்கே வாட் 1 ரூபாய் 30 காசு கூடும். தெலங்கானாவில் 3 ரூபாய் 52 காசு கூடும்.

வண்டி: படிக்கட்டில் கவனம்

ஷோரூம் விலைக்கும் ஆன்-ரோடு விலைக்கும் நடுவில் இருக்கும் பெரிய தொகை சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இது உயர்ந்தது. பைக் 1 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். முன்பு 8 சதவீதம்தான். கார் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம்.

கர்நாடகாவில் 50 ஆயிரம் முதல் 1 லட்சம் வரையிலான பைக்குக்கு 12 சதவீதம், 1 லட்சத்துக்கு மேல் 18 சதவீதம். அந்த வரியின் மேல் செஸ் தனி. 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் பைக் என்றால் நம்ம ஊரில் 14,400. பெங்களூரில் செஸ் இல்லாமலே 21,600. வித்தியாசம் 7,200 ரூபாய்.

ஆனால் காருக்கு இதே மாதிரி சொல்ல முடியாது. 12 லட்ச ரூபாய் காருக்கு நம்ம விகிதம் 18, கர்நாடகாவில் 17 பிளஸ் செஸ். கிட்டத்தட்ட சமம். 20 லட்சத்துக்கு மேல் நம்ம 20, அவர்கள் 18 பிளஸ் செஸ். அதாவது நடுத்தர பைக் வாங்குபவரிடம் கர்நாடகா தமிழ்நாட்டை விட நிறைய கேட்கிறது; பெரிய கார் வாங்குபவரிடம் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கேட்கின்றன. மாநிலத்தின் பெயரை விட யாரிடம் கேட்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இன்னொரு விஷயம். வருமான வரி ஸ்லாப் மாறினால் கூடுதல் தொகைக்கு மட்டும்தான் புது விகிதம். சாலை வரியில் அப்படி இல்லை. முழு விலைக்கும் புது விகிதம் விழும். 99,000 ரூபாய் பைக்குக்கு வரி 9,900. 1,01,000 ரூபாய் பைக்குக்கு 12,120. விலையில் 2,000 வித்தியாசம், வரியில் 2,220 வித்தியாசம். எல்லைக்கோட்டில் வாங்குபவர்கள் ஒரு தடவை யோசிக்கலாம்.

"அப்போ வரி கம்மியான ஊர்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டு இங்கே ஓட்டலாமே?" என்று ஒரு கேள்வி எப்பவும் வரும். மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அந்த மாநில வரியும் கட்ட வேண்டும். நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு 2021ல் வந்த பிஎச் வரிசைப் பதிவு ஒரு நேர்மையான வழி. முழு ஆயுள் வரியை ஒரே தடவை கட்டாமல் இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம். ஊர் மாறும்போது மறுபதிவுத் தொல்லை இல்லை. கேம்பஸில் செலக்ட் ஆகி ஊர் ஊராக மாறப்போகிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில் வரி: சின்னச் சம்பளத்துக்குப் பெரிய வரி

முதல் பே ஸ்லிப்பில் பலரும் கவனிக்காத வரி இது. அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த உச்சவரம்புக்குள் ஒவ்வொரு மாநிலமும் தன் வழி. டெல்லி, ஹரியானா, உத்தரப்பிரதேசம், ராஜஸ்தானில் இந்த வரியே கிடையாது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒரு முறை வாங்குகின்றன. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினாலே உச்சத் தொகையான 1,250. மாசக் கணக்கில் பார்த்தால் 12,500 ரூபாய். அதாவது மாசம் 13,000 வாங்கும் ஒரு கடை ஊழியரும் வருஷம் 2,500 கட்ட வேண்டும், மாசம் ஒரு லட்சம் வாங்கும் இன்ஜினியரும் 2,500 கட்ட வேண்டும். ஊழியருக்கு அது வருமானத்தில் 1.6 சதவீதம். இன்ஜினியருக்கு 0.2 சதவீதம்.

கர்நாடகாவில் 2023 ஏப்ரல் முதல் மாசச் சம்பளம் 25,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் தொழில் வரியே இல்லை. 24,000 சம்பளத்தில் சேரும் ஒருவருக்கு பெங்களூரில் பூஜ்யம், சென்னையில் 2,500. அதற்கு மேல் சம்பளம் என்றால் அங்கேயும் 2025 முதல் வருஷத்துக்கு 2,500தான்.

இந்த ஒரு இடத்தில் நம்ம மாநிலத்தை நேராகவே குறை சொல்லலாம். 2,500 என்ற உச்சவரம்பு நம் கையில் இல்லை, சரி. ஆனால் எந்தச் சம்பளத்தில் ஆரம்பிப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது. பக்கத்து மாநிலம் 25,000 வரை விட்டுக்கொடுக்க முடிந்தால், 13,000 வாங்குபவரிடம் முழுத் தொகையை வாங்குவதற்கு என்ன நியாயம்?

மனை: விகிதம் குறைந்தது, வரி கூடியது

சொத்து வாங்கினால் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 7 கூட்டல் 2, மொத்தம் 9 சதவீதம். கேரளாவில் 8 கூட்டல் 2, மொத்தம் 10. தெலங்கானாவில் எல்லாம் சேர்த்து 7.5. பார்க்க எளிதாக இருக்கிறது. ஆனால் எதன் மேல் 9 சதவீதம்? அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் குறையாத தொகையின் மேல்.

நம்ம மாநிலத்திலேயே நடந்த கதையைப் பாருங்க. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். வழிகாட்டி மதிப்பு 30 லட்சமாக இருந்த ஒரு மனைக்கு, அந்த மதிப்பிலேயே பத்திரம் போட்டால்:

2017க்கு முன்: 30 லட்சத்தில் 8 சதவீதம், 2 லட்சத்து 40 ஆயிரம்.
2017க்குப் பின்: 20.10 லட்சத்தில் 11 சதவீதம், சுமார் 2 லட்சத்து 21 ஆயிரம்.
2023க்குப் பின்: 30 லட்சத்தில் 9 சதவீதம், 2 லட்சத்து 70 ஆயிரம்.

8, 11, 9 என்று விகிதத்தை மட்டும் பார்த்தால் 2017ல் வரி கூடியது, 2023ல் குறைந்தது என்று தோன்றும். கட்டிய பணத்தைப் பார்த்தால் நேர் எதிர். ஒரே மாநிலத்துக்குள்ளேயே விகிதம் இப்படி ஏமாற்றுகிறது என்றால், வெவ்வேறு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கும் இரண்டு மாநிலங்களை 9, 10, 7.5 என்று ஒப்பிட்டால் எவ்வளவு ஏமாற்றும்!

ஏன் இந்த நாலைந்து பொருள் மேலேயே கை வைக்கிறார்கள்?

இப்போ பெரிய படத்துக்கு வருவோம். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் மொத்த வருவாய் 3,31,569 கோடி ரூபாய். அதில் சொந்த வரி 2,20,895 கோடி. ஒன்றிய வரிகளில் பங்கு 58,022 கோடி. அதே ஆண்டு பீகாரின் மதிப்பீட்டில் மொத்த வருவாய் 2,60,831 கோடி. சொந்த வரி 59,520 கோடி, ஒன்றிய வரிகளில் பங்கு 1,38,516 கோடி.

சதவீதத்தில் சொன்னால், தமிழ்நாடு 100 ரூபாயில் 67 ரூபாயைத் தன் வரியில் சம்பாதிக்கிறது, பீகார் 23 ரூபாயை. காரணம் இரண்டு. ஒன்று, பீகார் ஏழை மாநிலம். அங்கே வரி போட வாங்கும் சக்தி குறைவு. 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கும் இருக்கிறது. இரண்டு, 15ஆவது நிதிக்குழு ஒன்றிய வரிகளில் மாநிலங்களுக்கு என்று ஒதுக்கிய 41 சதவீதத்தைப் பிரிக்கும்போது, தனிநபர் வருமான இடைவெளிக்கு மட்டும் 45 சதவீத எடை கொடுத்தது. வரி வசூலிக்கும் முயற்சிக்கு 2.5 சதவீத எடைதான். அதனால் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், பீகாருக்கு 10.058 சதவீதம். ஏழை மாநிலத்துக்கு அதிகம் போவது கூட்டாட்சியில் நியாயம்தான். எவ்வளவு அதிகம் என்பதில்தான் சண்டை.

இதில் நம்மைக் கடிப்பது செஸ். 2025 ஏப்ரல் நிலவரப்படி ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றிய அரசின் வரி 21 ரூபாய் 90 காசு. அதில் அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதி எல்லாம் செஸ், சர்சார்ஜ் வகை. அவற்றை மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. 1.40ல் 41 சதவீதம் என்பது 57 காசு. அந்த 57 காசைத்தான் எல்லா மாநிலமும் பங்கு போட வேண்டும். அதில் தமிழ்நாட்டுக்கு 2 காசு சொச்சம்.

ஜிஎஸ்டியும் தயாரிப்பு மாநிலங்களுக்கு ஒரு கணக்கை மாற்றியது. ஒரகடத்தில் செய்த கார் லக்னோவில் விற்றால் மாநிலப் பங்கு உத்தரப்பிரதேசத்துக்குப் போகும். பழைய முறையில் 2 சதவீத மத்திய விற்பனை வரியாவது இங்கே வந்தது. இழப்பீடு 5 வருஷம் கொடுத்தார்கள். அது 2022 ஜூனோடு முடிந்தது.

ஆக, கையில் மிச்சமிருக்கும் குழாய்கள் நாலைந்து. செலவு கூடினால் அவற்றைத்தான் திருக முடியும். 2023-24ல் டாஸ்மாக் வழியாக வந்த வரி மட்டும் 45,855 கோடி, சொந்த வரியில் ஏறக்குறைய கால் பங்கு. குடிப்பவர்களில் கூலித் தொழிலாளியும் உண்டு, பெட்ரோல் போடுபவர்களில் டெலிவரி பையனும் உண்டு. வருமானத்தைப் பார்த்து வாங்கும் வரி மாநிலத்தின் கையில் இல்லாததால், மாநில வரியின் சுமை வருமானத்தைப் பார்க்காமல் விழுகிறது. "தமிழ்நாட்டுல வரி ஜாஸ்தி" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான பிரச்சினை இதுதான். இது எல்லா மாநிலத்துக்கும் பொது.

கடைசியா, நம்ம கணக்கு

ஒரே சம்பளத்தில், மாசம் 30,000 ரூபாய்க்கு, சென்னையிலும் பெங்களூரிலும் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருமான வரி, ஜிஎஸ்டி ஒன்றுதான். தொழில் வரி இரண்டு ஊரிலும் 2,500. 1.2 லட்ச ரூபாய் பைக் வாங்கினால் பெங்களூரில் ஒரு தடவை 7,200 ரூபாயும் செஸ்ஸும் அதிகம். மாசம் 20 லிட்டர் பெட்ரோல் போட்டால் லிட்டருக்கு 1.78 வித்தியாசத்தில் வருஷத்துக்கு 427 ரூபாய் அதிகம். முதல் வருஷ வித்தியாசம் செஸ் இல்லாமலே ஏழாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். பெங்களூரில் ரூமுக்குக் கேட்கும் அட்வான்ஸை நினைத்தால் இதெல்லாம் ஒரு தொகையே இல்லை. வரியைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஆனால் இனிமேல் யாராவது இரண்டு மாநில வரியை ஒப்பிட்டு ஃபார்வேர்டு அனுப்பினால் மூன்று கேள்வி கேளுங்க. எதன் மேல் அந்தச் சதவீதம்? சதவீதத்தோடு வேறு என்ன சேருகிறது? அதை யார் கட்டுகிறார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அந்த ஒப்பீட்டுக்கு மார்க் போட வேண்டாம்.

வீட்டுப் பாடம் ஒன்று: தமிழ்நாட்டுப் பெட்ரோல் கோடும் தெலங்கானாக் கோடும் எந்த விலையில் வெட்டிக்கொள்ளும்? 52 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வந்தால் நீங்க பாஸ்.